ஆலங்குளம் என்று நீ சொன்னது

ஏட்டி,

பக்கத்து மனையில் இன்றைக்குத் தளம் போடுகிறார்கள். காலை ஏழு மணிக்கே கலவை மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. தூசி வருமே என்று ஜன்னலைச் சாத்தப் போனவள், ஈரச் சிமெண்ட் வாடை முகத்தில் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வாடையிலிருந்து ஆலங்குளம், ஆலங்குளத்திலிருந்து நீ. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மருமகள் பின்னால் வந்து, "என்னத்தே, ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே நிக்கீங்க?" என்றாள்.

"ஒருத்தி ஞாபகம் வந்துருச்சு."

"சிமெண்டைப் பார்த்தா?" என்று சிரித்துவிட்டு அவளே ஜன்னலைச் சாத்தினாள். அவளுக்கு வழி தெரியாது. உனக்குத் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதற்குமுன் இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, இரண்டு வரியோடு நோட்டை மூடியிருக்கிறேன். இன்றைக்கு அந்த வாடை வந்தபோது அழுகை வரவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்ததே ஒரு பெருமூச்சு, அதுதான் மறுபடியும் வந்தது. சரி, இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நாம் பேச ஆரம்பித்ததே ஒரு தட்டியால்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஆள் உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் நான் கணக்கு எடுப்பேன், அந்தப் பக்கம் நீ தமிழ் எடுப்பாய். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிற நான், மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டிலிருந்து குடையோடு நடந்து வருகிற நீ. ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் முதல் ஆறு மாதம் 'வணக்கம் டீச்சர்' தவிர நமக்குள் வேறு பேச்சில்லை.

ஒருநாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாய். "டீச்சர், ஒரு சந்தேகம். கூட்டல்னாலே சேக்கறதுதான. அதுல தனியா எதுக்கு ஒரு சேர்ப்பு விதி? காலையிலேர்ந்து தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். எம்பிள்ளைகளுக்கு வேற்றுமை உருபு மண்டையில ஏற மாட்டேங்குது."

நான் சோற்றுக் கையோடு விளக்கினேன். மூன்று எண் இருக்கிறது, ஆனால் ஒரு நேரத்தில் இரண்டைத்தான் கூட்ட முடியும். எந்த இரண்டை முதலில் அடைப்புக்குறிக்குள் போட்டாலும் கடைசி விடை மாறாது. அதற்குத்தான் சேர்ப்பு விதி என்று பெயர். "கழித்தலுக்கு அது கிடையாது டீச்சர். பத்துலேர்ந்து அஞ்சைக் கழிச்சு, பொறவு ரெண்டைக் கழிச்சா மூணு. அஞ்சுலேர்ந்து ரெண்டை முதல்ல கழிச்சுட்டு, வந்ததைப் பத்துலேர்ந்து கழிச்சா ஏழு. யாரை யாரோட முதல்ல சேக்கறோம்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

நீ கொஞ்ச நேரம் மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தாய். "அப்ப நம்ம பேச்சும் கழித்தல் மாதிரிதான்" என்றாய். "பழைய பாத்திரக் கடைன்னு ஒரு போர்டு பாக்கீங்க. பழைய பாத்திரம் விக்கிற கடையா? இல்ல, பாத்திரம் விக்கிற பழைய கடையா? எதை முதல்ல சேக்கறோமோ அதுக்குத் தக்கன கடையே மாறிப்போகுது."

மறுநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் உன் வகுப்பு பாத்திரக் கடையில் சிரித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் என் வகுப்பும் அதே பாத்திரக் கடைக்கு அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரத்திலேயே 'டீச்சர்' போய், 'நீங்க' போய், நீ என்னை 'ஏட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

ஆனால் 'சேர்' என்கிற அந்த ஒரு சொல்லை நீ லேசில் விடவில்லை. கத்தரிக்காயை உன் டப்பாவிலிருந்து என் டப்பாவுக்குத் தள்ளும்போது, "எனக்குச் சேராது, நீ சேத்துக்கோ" என்பாய். பள்ளி வாசலில் 'மாணவியர் சேர்க்கை நடைபெறுகிறது' என்று துணி கட்டியிருந்த மாதத்தில் ஒரு தகப்பனார் ஆபீசுக்கு வந்து, "எம்மக சேர்க்கை சரியில்லம்மா" என்று வருத்தத்தோடு சொன்னார். புதிதாக வந்திருந்த கிளார்க், சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து எங்கே தவறு என்று பக்கம் பக்கமாகத் தேடினார். அந்த மனிதர் சொன்னது மகளின் கூட்டாளிகளைப் பற்றி. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். இங்கிலீஷ் டீச்சரிடம் அகராதியை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, "ஏட்டி, அசோசியேஷன்னு அவங்க சொல்றதும் இதே கதைதான். சங்கமும் அதுதான், கூட்டாளித்தனமும் அதுதான், ஒண்ணை நெனச்சா இன்னொண்ணு நெனப்புக்கு வருதே, அதுவும் அதுதான், ஒன்னோட அடைப்புக்குறியும் அதுதான். ரெண்டு பாஷையிலயும் இத்தனையும் ஒரே சொல்லுக்குள்ள கெடக்குன்னா சும்மா இருக்காது" என்றாய்.

சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட நீயும் நடந்து வருவாய். அந்தப் பத்து நிமிஷத்தில் நீ பேசுவதைப் பின்தொடர என்னால் ஆரம்பத்தில் முடியவில்லை. கொய்யாக்காய் வண்டியைக் கடந்து போவோம். திடீரென்று, "ஒங்க அண்ணன் ரிட்டயர் ஆயாச்சா?" என்பாய். நான் நின்றுவிடுவேன். "இப்ப எதுக்கு எங்க அண்ணன்? வழி சொல்லு."

"கொய்யாக்காய். அதுக்கு உப்பு. உப்புக்குத் தூத்துக்குடி. தூத்துக்குடி துறைமுகத்துல ஒங்க அண்ணன்."

எதைக் கேட்டாலும் உன்னிடம் வழி இருந்தது. "நெனப்பு ரோட்டுல போகாது ஏட்டி, வீட்டுக்கு வீடு புகுந்து போகும்" என்பாய். வருஷக்கணக்கில் உன் பின்னால் வீடு வீடாகப் புகுந்து நடந்ததில், நீ வாயைத் திறக்குமுன்பே எந்த வீட்டில் வெளிவருவாய் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அது எதற்காவது உதவும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நாம் ரிட்டயர் ஆகி இரண்டாம் வருஷம், ஒரு காலையில் உன் மகள் நஸீமா போன் பண்ணினாள். பல் தேய்க்கப் போன நீ வாளியோடு சாய்ந்துவிட்டாய். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடி என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரம் கழித்துப் பேச்சு வந்தது. ஆனால் நீ தேடிய சொல் வராமல் வேறு சொல் வந்தது. தண்ணீர் வேண்டும் என்று நினைத்து 'மாடி' என்றாய். அது தவறு என்று உனக்கே தெரிந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளின் வாயில் தமிழைத் திருத்தியவள் நீ. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். வந்தவர்கள் எல்லாரும் காது கேட்காதவளிடம் பேசுவதுபோல உன்னிடம் உரக்கப் பேசினார்கள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய்.

முதல் தடவை பார்த்துவிட்டு ராஜபாளையம் திரும்பும்போது பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை நீ என்னிடம் 'பலகை' என்றாய். மறுபடியும், 'பலகை.' நஸீமா கட்டில் பலகையைத் தொட்டுக் காட்டினாள். இல்லை என்று தலையாட்டினாய். நான் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "வழி சொல்லு." கேட்ட பிறகுதான் உன்னால் சொல்ல முடியாதே என்று உறைத்தது. சரி, நானே நடந்து பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "பலகை. கரும்பலகை. கறுப்பு. இருட்டு. ரூம் இருட்டா இருக்கா? ஜன்னலைத் திறக்கணுமா?"

நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். இடது கைதான், ஆனாலும் எம்புட்டு பலம். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நஸீமா ஜன்னலைத் திறந்தாள்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டேன். இடது ஓரத்தில் நீ சொன்ன சொல், வலது ஓரத்தில் நீ நினைத்த சொல், நடுவில் வழி. மாடி, மாடியில் தொட்டி, தொட்டியில் தண்ணீர். விளக்கு, வெளிச்சம், கண், கண்ணாடி. வழி இல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. உன் புத்தி எங்கும் போய்விடவில்லை, பழைய வீடுகளுக்குள்தான் நடந்துகொண்டிருந்தது, கடைசி வாசல் மட்டும்தான் பூட்டிக்கொண்டது என்று எனக்குப் பட்டது. டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். வாங்கி முழுதாகப் படித்துவிட்டு, "இதை வச்சுக்கோங்க டீச்சர். இது அவங்களுக்கு மருந்து" என்றார்.

இனிமேல் எழுதப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் மடல் பொய்யாகிவிடும்.

எனக்குக் கர்வம் வந்துவிட்டது. உன் பேச்சு எனக்கு மட்டும்தான் புரியும் என்பதை நான் ரசிக்க ஆரம்பித்தேன். நஸீமா ஒன்று சொன்னால், "அது இல்லம்மா, நீ செத்த நேரம் சும்மாயிரு" என்பேன். அண்ணன், உன் வீட்டுக்காரர், துணிக்கடையைச் சாத்திவிட்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்பார். பதில் என் வாயிலிருந்து வரும். பாவம், அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஐந்தாம் மாதம் நம் பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் மூன்று பேர் ஆரஞ்சுப் பழத்தோடு உன்னைப் பார்க்க வந்தார்கள். நான் அவர்களுக்கு நோட்டைப் பிரித்துக் காட்டினேன். "விளக்குன்னு சொன்னா கண்ணாடின்னு அர்த்தம். தேர்னு சொன்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்?" என்று விடுகதை போட்டேன். தேர், சக்கரம், சக்கர நாற்காலி. அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். "மஞ்ச…" என்றாய். "பாருங்க, இப்ப ஆரஞ்சு கேக்கப் போறா" என்றேன்.

நீ என்னை நேராகப் பார்த்தாய். அந்த ஐந்து மாதத்தில் நீ சொன்ன சொற்களிலேயே அதுதான் தெளிவான சொல்.

"சேராத."

அதற்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை. என்னோடு சேராதே, இனி வராதே. அப்படித்தான் எனக்குக் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினேன்.

நான்கு வாரம் நான் வரவில்லை. நஸீமா போன் பண்ணும்போதெல்லாம் மூட்டு வலி என்றேன். உண்மையில் எனக்கு வலித்தது வேறு இடம். இருபத்தாறு வருஷத்துச் சிநேகிதி, பேச வராத வாயால் தேடிப் பிடித்து என்னை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதில் பாதி நியாயம் என்றும் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் சண்டை போடக்கூட முடியவில்லை.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை காலை நஸீமா மறுபடியும் கூப்பிட்டாள். "டீச்சரம்மா, முடியலைன்னா வர வேணாம், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அம்மா ரெண்டு நாளா ஆலங்குளம், ஆலங்குளம்னு சொல்லிக்கிட்டே இருக்காக. சாப்பிட மாட்டேங்காக. அங்க எங்க பெரிய மாமி இருக்காகல்ல, பாக்கணும்னு ஆசைப்படுதாக போலன்னு அத்தா கார் பேசிட்டாக. பதினோரு மணிக்குக் கெளம்புதோம். ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு…"

"ஆலங்குளம்னு சொல்லும்போது கையால எதையாவது காட்டுறாளா?"

"தொடையில அடிச்சுக்கிடுதாக. ஆத்திரத்துல அடிக்காகன்னு நெனச்சோம்."

"எந்தத் தொடை?"

"வராத காலுதான். வலது."

"நான் வாரேன். நான் வந்து சேருற வரைக்கும் கெளம்பாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து வழி தேடினேன். ஆலங்குளம், உன் முதல் வேலை அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம். ஆலங்குளம் என்றால் சிமெண்ட் ஆலை. 'அங்க வேப்ப மரம்கூட வெள்ளையாத்தான் நிக்கும்' என்பாய். அதற்கு அடுத்த வாசல் தெரியவில்லை. மம்சாபுரம் விலக்கு தாண்டும்போது சட்டென்று திறந்தது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்த கதை. புது வகுப்பறைக்குத் தரை போட்டிருந்த அன்று, கவனிக்காமல் ஈரச் சிமெண்டுக்குள் கால் வைத்துவிட்டாய். கணுக்கால் வரை புதைந்து, காலை எடுக்க முடியாமல், இரண்டு கொத்தனார்களும் ஒரு வகுப்புப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க நடுவில் நின்றாய். 'காலு என் காலாவே இல்ல ஏட்டி, கல்லு மாதிரி கனத்துப்போச்சு.' அந்தக் கதை உன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் சொன்னால் இன்றைக்கும் கேலி பண்ணுவார் என்று நீ சொன்னதே இல்லை.

வந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்குள் நுழைந்தபோது கார் வாசலில் நின்றது. அண்ணனும் டிரைவரும் உன்னைத் தூக்கி வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ இடது கையால் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். முகம் வியர்த்திருந்தது.

"அண்ணே, செத்த நேரம் பொறுங்க" என்றேன். உன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். நான்கு வாரம் ஏன் வரவில்லை என்ற கேள்வியை உன் கண்ணில் தேடக்கூட எனக்கு நேரமில்லை. "ஆலங்குளம். ஈரச் சிமெண்டு. கால் உள்ள போய் மாட்டிக்கிச்சே, அந்த மாதிரி இருக்கா? கால் கனக்குதா? கல்லு மாதிரி?"

நிலைக்கதவிலிருந்து உன் கை விலகியது. ஆமாம் என்று தலையாட்டினாய். நிறுத்தாமல் ஆட்டினாய்.

சேலையை முழங்காலுக்கு மேலே நகர்த்தினேன். வலது கெண்டைக்கால் இடது காலைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. தோல் பளபளவென்று சிவந்து, தொட்டால் சுட்டது. 'விழுந்த கால் கொஞ்சம் வீங்கத்தானே செய்யும்' என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. வாரம் இரண்டு நாள் எண்ணெய் தடவி அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே, நான்தானே வரவில்லை.

அதே கார்தான். ஆலங்குளத்துக்குப் பதில் ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். காலிலிருந்து தொடை வரை ரத்தம் உறைந்திருக்கிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஊசி போட்டிருக்கிறோம், இனி பயமில்லை என்றார். பிறகு கேட்டார், "சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. யார் கவனிச்சது?"

நஸீமா என்னைப் பார்த்தாள். எனக்கு முன்னால் அண்ணன் பதில் சொன்னார். "யாரும் கவனிக்கல சார். அவளேதான் சொன்னா. ரெண்டு நாளாச் சொன்னா."

அந்த வராந்தாவில்தான் எனக்கு அந்தப் பெருமூச்சு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் எல்லாம் லேசாகிவிட்டது. நீ பிழைத்தாய் என்பது ஒன்று. நீ சொன்னாய், அது சொல்லாக வந்து சேர்ந்தது, உன்னிடம் இன்னும் சொல்லும் தெம்பு இருக்கிறது என்பது இன்னொன்று. அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "குடி தங்கச்சி" என்றார். அந்தக் கடை டீயில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தது. அதையும் குடித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நஸீமா மருந்து வாங்கப் போயிருந்தாள். நாம் இருவர் மட்டும். நான் கேட்டுவிட்டேன். "ஏட்டி, அன்னிக்கு சேராதன்னு சொன்னியே. என்னை வர வேணாம்னுதான சொன்னே?"

நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். வாயைத் திறந்தாய், வரவில்லை. நான் வழி சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாய். என் பையைச் சுட்டினாய். நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாக, மூன்று புள்ளி வைத்தாய். முதல் புள்ளியைத் தொட்டு உன் நெஞ்சைக் காட்டினாய். நடுப்புள்ளிக்கு என்னை. மூன்றாவதுக்கு வாசல் பக்கம் கை காட்டினாய், அன்றைக்கு வந்தவர்கள், அவர்கள் எல்லாரும்.

பிறகு நடுப்புள்ளியையும் மூன்றாவதையும் சேர்த்து ஒரு அடைப்புக்குறி போட்டாய். என்னையும் அவர்களையும். வெளியே நீ தனியாக ஒரு புள்ளி. அதைப் பேனாவால் குத்தினாய். "சேராத" என்றாய். அந்த அடைப்புக்குறியை அடித்துவிட்டு, உன்னையும் என்னையும் சேர்த்து இன்னொன்று போட்டாய். வாசல் புள்ளி வெளியே நின்றது.

அவர்களோடு சேர்ந்துகொண்டு என்னைப் பார்க்காதே. முதலில் என்னோடு சேர், பிறகு அவர்கள் வரட்டும். அதைத்தான் சொல்லியிருக்கிறாய். நான்கு வாரம் நான் அந்த ஒரு சொல்லைத் தப்பான ஆளோடு சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கு டீச்சர்.

நான் அழ ஆரம்பித்தேன். நீ சிரித்தாய். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வருகிற அந்தச் சிரிப்பு. பிறகு நானும் சிரித்தேன். மருந்தோடு வந்த நஸீமா, இரண்டு பேருக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடப் போனாள்.

அதற்குப் பிறகு நமக்கு இரண்டு வருஷத்துக்கு மேலே கிடைத்தது. நான் வாயை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். நீ ஒரு சொல்லைத் தேடும்போது காத்திருந்தேன். சில நாள் கால் மணி நேரம் ஆனது. சில நாள் வரவே இல்லை, அப்போதுதான் நீ புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்பாய், நான் வழியில் இறங்குவேன். நோட்டை நஸீமாவிடம் கொடுத்துவிட்டேன். அண்ணனும் நடக்கப் பழகிவிட்டார். ஒருநாள் நீ 'ஈரம்' என்றதும் அவர், "ஈரம், மழை, குடை… குடையா? கெளம்புற டீச்சருக்குக் குடையைக் குடுக்கச் சொல்லுதியா?" என்று சரியாகப் பிடித்துவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சில சொற்கள் தம் வாசலாலேயே வர ஆரம்பித்தன. நஸீமாவின் பேர் வந்தது. தண்ணீர் வந்தது. போதும் என்பது வந்தது. இதயம் நின்று நீ போனதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட நன்றாகச் சாப்பிட்டு, 'போதும்' என்று சொல்லித் தட்டைத் தள்ளினாய் என்றாள் நஸீமா. நமக்குள் சொல்லாமல் விட்டது எதுவும் இருக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று, அப்படி இல்லாமல் ஆட்களைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். உன் டாக்டர் ஆறு மாதத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். கூமாப்பட்டியில் ஒருவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், உனக்கு வந்த மாதிரியே வந்து பேச்சு மாறிப்போயிற்று, வீட்டுக்காரி மட்டும்தான் கூட இருக்கிறாள், போய்ப் பார்க்க முடியுமா டீச்சர் என்று கேட்டார். வியாழக்கிழமை தோறும் வத்திராயிருப்பு பஸ் பிடித்துப் போய் வருகிறேன். அவர் நடந்து வந்த வீடுகளே வேறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. முதல் இரண்டு மாதம் தோற்றுக்கொண்டே இருந்தேன். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, எந்த ஊரில் எத்தனை வருஷம், என்ன சாப்பாடு, யார் கூட்டாளி என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அந்த அம்மா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்து, "பனி" என்றார். பனி என்றால் எனக்கு நாலு வழி தெரியும் இப்போது. கம்பளி, குளிர், காவல், கடிதம். நாலும் நாக்கு நுனியில் நின்றது. நான் சொல்லவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கொல்லையில் தென்னை மட்டை ஒன்று விழுந்தது, அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செல்லம்" என்றார். செத்த நேரம் கழித்து, "உக்காரு."

அந்த அம்மாவின் பேர் செல்லம். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, புதுப்பெண் மாதிரி, கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சத்தம் போடாமல் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பஸ் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மலைப்பக்கம் இருந்து காற்று நன்றாக வந்தது. நின்றுகொண்டிருந்தேன்.